பிரசவ வார்டுக்காரர்களுக்கு ஒரு நாள் சிபிஆர் வகுப்பு: போகலாமா?

போகலாம். ஆனால் தனியாகப் போகாதீர்கள். உங்களோடு ஒரே டூட்டியில் நிற்பவர்களையும் கூட்டிக்கொண்டு போங்கள். இந்த வகுப்பைப் பற்றி நான் சொல்ல வந்தது இவ்வளவுதான், மற்றதெல்லாம் ஏன் அப்படிச் சொல்கிறேன் என்பதற்கான விளக்கம்.

நான் ஒரு அரசு மருத்துவமனையில் பிரசவ வார்டு ஸ்டாஃப் நர்ஸ். பக்கத்து மாவட்டத்தில் ஒரு மருத்துவக் கல்லூரியின் பயிற்சிக்கூடத்தில், கர்ப்பிணிக்கு இதயம் நின்றுபோனால் என்ன செய்வது என்பதை மட்டும் எடுத்துக்கொண்டு ஒரு நாள் சிபிஆர் (நின்ற இதயத்தை நெஞ்சை அழுத்தியும் மூச்சு கொடுத்தும் திரும்ப ஓடவைக்கும் முயற்சி) வகுப்பு நடத்துகிறார்கள். காலையில் பாடம், சாப்பாட்டுக்கு அப்புறம் பொம்மையை வைத்துச் செய்முறை. எங்கள் மகப்பேறு மேடம், மயக்க மருந்து டாக்டர், நான், இன்னொரு சிஸ்டர் எல்லோரும் சேர்ந்து போனோம். வழக்கமான பிஎல்எஸ், ஏசிஎல்எஸ் (அடிப்படை, உயர்நிலை உயிர்காப்பு) வகுப்புகளில் கர்ப்பிணிப் பெண் என்றால் சாயங்காலம் எல்லோரும் பஸ்ஸுக்குக் கிளம்பும் நேரத்தில் ஓட்டிக்காட்டும் இரண்டு ஸ்லைடு, அவ்வளவுதான். இங்கே நாள் முழுக்க அதுதான் என்பதால் பெயர் கொடுத்தோம்.

காலைப் பாடத்தில் பாதி நன்றாக இருந்தது. நிறைமாதத்தில் கருப்பைக்கு நிமிடத்துக்கு 700 மில்லி வரை ரத்தம் போகிறது, இதயம் வெளியேற்றும் ரத்தம் 30 முதல் 50 சதவீதம் கூடியிருக்கிறது, நுரையீரலில் மிச்சம் நிற்கும் காற்றோ குறைந்துவிட்டது, ஆனால் ஆக்சிஜன் செலவு ஏறியிருக்கிறது, அதனால் மூச்சு நின்ற கர்ப்பிணி மற்றவர்களைவிடச் சீக்கிரம் நீலம் பாரிப்பாள் என்று காரணத்தோடு சொன்னார்கள். தொண்டையில் வீக்கம் இருக்கும், வயிற்றில் இருப்பது மேலே ஏறும், அதனால் மூச்சுக்குழாய்க்குள் விடும் டியூப் ஒரு சைஸ் சின்னதாக, 6 அல்லது 6.5 எடுத்து வையுங்கள், முயற்சி இரண்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள் என்றது எங்கள் மயக்க மருந்து டாக்டருக்குப் பழைய பாடமாக இருக்கலாம். ட்ரேயை அடுக்கி வைப்பது நாங்கள்தான், எந்த சைஸ் டியூப் முன்னால் இருக்க வேண்டும் என்பது எனக்குத் தேவையான பாடம். மீதிப் பாதி இதய மின்வரைபடத்தின் நெளிவுகளைப் பற்றி ஒருவர் ஸ்லைடைப் பார்த்துப் படித்துக்கொண்டே போனது. அதை அப்படியே எடுத்துவிட்டு அந்த நேரத்தைச் செய்முறைக்குக் கொடுக்கலாம்.

சரி, செய்முறைக்கு வருகிறேன், காசு கொடுத்தது இதற்குத்தான். முதலில் சொல்லிக்கொடுத்தது கருப்பையை இடது பக்கம் ஒதுக்கிப் பிடிப்பது. தொப்புள் வரைக்கும் கருப்பை ஏறியிருந்தால், அதாவது ஏறத்தாழ 20 வாரம் ஆகியிருந்தால், மல்லாந்து படுத்த பெண்ணுக்கு அந்தப் பாரம் முழுவதும் முதுகெலும்பை ஒட்டிப் போகும் பெரிய ரத்தக்குழாய்களை அழுத்தும். கீழேயிருந்து இதயத்துக்கு ரத்தம் திரும்பி வராது, வராத ரத்தத்தை நெஞ்சை எத்தனை அழுத்தினாலும் வெளியே அனுப்ப முடியாது. முன்பெல்லாம் இடுப்புக்கு அடியில் ஆப்பு வைத்து ஆளையே சாய்த்துவிடச் சொல்வார்கள். சாய்த்த உடம்பில் நெஞ்சை அழுத்தும் வேகமும் ஆழமும் கெட்டுப்போகின்றன என்பதால், மட்டமாகப் படுக்க வைத்து, முதுகுக்கு அடியில் பலகை போட்டு, ஒருவர் கையாலேயே கருப்பையை ஒதுக்கிப் பிடித்திருக்க வேண்டும் என்பதுதான் இப்போதைய முறை. அமெரிக்க இதயச் சங்கம் கர்ப்பிணிகளின் இதய நிறுத்தத்துக்கென்றே தனியாக 2015இல் வெளியிட்ட அறிக்கையிலும் இதைத்தான் சொல்கிறார்கள்.

இதைப் படித்துத் தெரிந்துகொள்வது வேறு, கையை வைத்துப் பார்ப்பது வேறு. பொம்மைக்கு இடது பக்கம் நின்றால் இரண்டு கையையும் வயிற்றுக்கு மேலாகக் கொண்டுபோய் வலது ஓரத்தில் விரல்களை மடக்கிக் கோத்து, மேலே தூக்கித் தன் பக்கமாக இழுக்க வேண்டும். வலது பக்கம் நின்றால் ஒரு கையால் மேலும் இடதுமாகத் தள்ள வேண்டும். எல்லோரும் செய்த தப்பு, தள்ளும்போது கீழ்நோக்கி அமுக்கிவிட்டதுதான். அப்படி அமுக்கினால் எதை விடுவிக்க நினைக்கிறோமோ அதையே இன்னும் நசுக்குகிறோம். பயிற்சியாளர் ஒவ்வொருவர் மணிக்கட்டையும் பிடித்துத் தூக்கிக் காட்டினார். இரண்டு நிமிடத்துக்குள் முன்கை கடுத்துப்போகிறது. நெஞ்சை அழுத்துபவரை மாற்றுகிறோமே, அதே மாதிரி இவரையும் மாற்ற வேண்டும் என்பது அந்த வலி வந்த அப்புறம்தான் எல்லோருக்கும் உறைத்தது. இதை எந்தப் பாடப்புத்தகமும் இவ்வளவு தெளிவாக எனக்குச் சொன்னதில்லை.

அவர்கள் செய்த இன்னொரு நல்ல காரியம், கட்டிலைச் சுவரோடு ஒட்டிப் போட்டு வைத்திருந்தது. பல பிரசவ அறைகளில் கட்டில் அப்படித்தான் கிடக்கிறது. இடது பக்கம் ஒருவர், வலது பக்கம் நெஞ்சை அழுத்த ஒருவர், தலைமாட்டில் அம்பு பேக்கோடு (கையால் அமுக்கி மூச்சு கொடுக்கும் பை) ஒருவர் நிற்க வேண்டுமென்றால் முதல் வேலையாகக் கட்டிலை இழுத்துப் போட்டாக வேண்டும். சக்கரத்தின் பிரேக்கை எடுத்து இழுக்க யாருக்கும் தோன்றவில்லை என்றால் ஒரு பக்கம் ஆளே நிற்க முடியாது. இப்படிச் சின்னச் சின்ன இடத்தில் கண் வைத்து வகுப்பை அமைத்தவர் கண்டிப்பாகப் பிரசவ வார்டில் இரவு டூட்டி பார்த்தவராகத்தான் இருக்க வேண்டும்.

நெஞ்சு அழுத்தத்தில் புதிதாக எதுவும் இல்லை: நெஞ்செலும்பின் கீழ்ப்பாதி, நிமிடத்துக்கு 100 முதல் 120, குறைந்தது 5 சென்டிமீட்டர் ஆழம், 30 அழுத்தத்துக்கு 2 மூச்சு. கர்ப்பிணிக்குக் கையைக் கொஞ்சம் மேலே வைக்க வேண்டும் என்று பழைய சிஸ்டர்கள் பலர் இன்னும் சொல்வார்கள். அதற்கு ஆதாரம் இல்லை, எல்லோருக்கும் வைக்கும் இடத்தில்தான் வைக்க வேண்டும் என்று தெளிவாகச் சொன்னார்கள். ஷாக் கொடுத்தால் குழந்தைக்கு என்ன ஆகும் என்று தயங்குகிறவர்கள் வகுப்பில் நிறையப் பேர் இருந்தார்கள். மற்றவர்களுக்குக் கொடுக்கும் அதே அளவு மின்சாரம், இதயத்தைத் தூண்டும் மருந்தான அதே அட்ரினலின் 1 மில்லிகிராம் 3 முதல் 5 நிமிடத்துக்கு ஒரு முறை, எதையும் குறைக்கவோ தள்ளிப்போடவோ கூடாது. ட்ரிப்ஸ் ஊசி மட்டும் கையில் போடுங்கள், காலில் போட்டால் மருந்து இதயத்துக்கு வந்து சேர்வது சந்தேகம். குழந்தையின் இதயத்துடிப்பைத் தேடிக்கொண்டு நிற்காதீர்கள். தாயைக் காப்பாற்றுவதுதான் குழந்தையைக் காப்பாற்றும் வழி.

அப்புறம் அந்த நாளின் மையமான விஷயம், நேரம். நெஞ்சை அழுத்தியும் கருப்பையை ஒதுக்கியும் துடிப்பு திரும்பவில்லை என்றால் குழந்தையை வெளியே எடுத்துவிட வேண்டும், 5 நிமிடத்துக்குள். 1986இல் வெர்ன் காட்ஸ் என்ற அமெரிக்க மகப்பேறு மருத்துவரும் அவரோடு சேர்ந்தவர்களும் 4 நிமிடத்தில் அறுவையைத் தொடங்க வேண்டும் என்று எழுதினார்கள், அதிலிருந்துதான் இந்தக் கணக்கு வருகிறது. நான்காவது நிமிடம் வரை காத்திருந்து அப்புறம் பிளேடு தேடினால் நடக்காது என்பதால், இதயம் நின்றது தெரிந்த கணத்திலேயே அறுவைக்குத் தயாராகத் தொடங்க வேண்டும் என்று இப்போது சொல்கிறார்கள். வயிற்றைத் திறப்பது குழந்தைக்காக மட்டும்தான் என்று நினைப்பவர்கள் எங்கள் துறைக்குள்ளேயே இருக்கிறார்கள். குழந்தை வெளியே வந்தால் குழாய்களை நசுக்கிய பாரம் போய்விடுகிறது, கருப்பைக்குப் போன ரத்தம் உடம்புக்குத் திரும்புகிறது, நெஞ்சை அழுத்துவதற்கு அப்போதுதான் முழுப் பலன் கிடைக்கிறது. இது தாய்க்கான சிகிச்சை. பிரிட்டனில் 2011 முதல் 2014 வரை மூன்று வருடம் நாடு முழுவதும் கணக்கெடுத்ததில் 66 கர்ப்பிணிகளுக்கு இதயம் நின்றிருக்கிறது, 38 பேர் பிழைத்திருக்கிறார்கள். பிழைத்தவர்களுக்கு அறுவை நடந்தது பெரும்பாலும் சில நிமிடங்களுக்குள், இறந்தவர்களுக்கு அதைவிட ரொம்பத் தாமதமாக. பாதிக்கும் மேற்பட்டவர்கள் பிழைத்தார்கள் என்பதைத் திரும்பப் படியுங்கள். கர்ப்பிணிக்கு அரெஸ்ட், அதாவது இதயம் நின்றுவிட்டது என்றால் அவ்வளவுதான், முடிந்தது என்று மனசுக்குள் கைவிட்டுவிடும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. இந்த ஒரு கணக்கு அதை உடைக்கிறது.

எங்களுக்கு முன்னால் செய்த குழு, நல்ல அனுபவம் உள்ளவர்கள், இதயம் நின்றதும் "ஆபரேஷன் தியேட்டருக்கு ஷிஃப்ட் பண்ணுங்க" என்று ட்ரோலியைக் கொண்டுவந்துவிட்டார்கள். பயிற்சியாளர் தடுக்கவில்லை, கடிகாரத்தை மட்டும் ஓடவிட்டார். தூக்கிப் போடும்போது நெஞ்சழுத்தம் நின்றது, வராந்தாவில் ஓடிக்கொண்டே அழுத்தியது பாதி ஆழம்கூடப் போகவில்லை என்று பொம்மையோடு இணைத்த திரையில் தெரிந்தது, தியேட்டர் கதவுக்குள் நுழையும்போதே ஐந்து நிமிடம் தாண்டிவிட்டது. அதன் பிறகு யாருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை. விழுந்த இடத்திலேயே திறக்க வேண்டும். அதற்குத் தேவை ஒரு பிளேடு, தொப்புள்கொடியைப் பிடிக்க இரண்டு கிளாம்ப், கொஞ்சம் மாப் (ரத்தம் ஒற்றும் துணி), கத்தரி. கிருமிநாசினியை மேலே ஊற்றிவிட்டுத் தொடங்கலாம், அதற்கும் நேரமில்லை என்றால் அதுவும் வேண்டாம். செங்குத்தாகக் கீறுவதா குறுக்காகவா என்பது கீறும் டாக்டருக்கு எது கைப்பழக்கமோ அது. ரத்தம் பெரிதாகக் கொட்டாது, ஏனென்றால் ஓட்டமே இல்லை. துடிப்பு திரும்பிய பிறகுதான் கொட்டத் தொடங்கும், அப்போது மாப்பும் ரத்தமும் கருப்பையைச் சுருக்கும் மருந்தும் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். ஆக்சிடோசினை அந்த நேரத்தில் வேகமாக ஏற்றினால் பிபி விழுந்து மறுபடி நின்றுபோகலாம், பார்த்துக் கொடுங்கள் என்று தனியாகச் சொன்னார்கள்.

பொம்மையின் வயிறு எப்படி இருந்தது என்று கேட்பீர்கள். தோல், கொழுப்பு, கருப்பை என்று நுரைப்பஞ்சில் அடுக்கடுக்காகத் தைத்து, மேலே ரப்பர் தோலை ஒட்டுப்பட்டையால் ஒட்டியிருந்தார்கள். எங்கள் மேடம் உண்மையான பிளேடால்தான் கீறினார். கீறும்போது நெஞ்சழுத்தமும் நடந்துகொண்டே இருக்க வேண்டும், அதனால் வயிறு ஒவ்வொரு அழுத்தத்துக்கும் ஆடுகிறது, ஆடும் வயிற்றில் கைநடுங்காமல் கீற வேண்டும். சிசேரியன் நூற்றுக்கணக்கில் செய்த கைக்கும் இது புது அனுபவம் என்று மேடமே சொன்னார். ஆனால் பொம்மை வயிற்றின் பாரம் போதாது. நிஜத்தில் குழந்தை, பனிக்குடநீர் எல்லாம் சேர்ந்து இருக்கும் கனம் அதில் பாதிகூட இல்லை, அதனால் கருப்பையை ஒதுக்குவது உண்மையில் இருப்பதைவிடச் சுலபமாகத் தெரிகிறது. தண்ணீர்ப் பை ஒன்றை உள்ளே வைத்தால் சரியாகிவிடும், இதை எழுதிக் கொடுத்துவிட்டு வந்தோம்.

காரணங்களுக்கு ஆங்கில அகரவரிசைப்படி ஒரு நினைவுக்குறி சொல்லித் தருகிறார்கள்: மயக்க மருந்துச் சிக்கல், ரத்தப்போக்கு, இதய நோய், மருந்துகள், ரத்தக்குழாய் அடைப்பு, காய்ச்சல் என்று போகும். நம்மூர் வார்டுக்கு அதில் இரண்டு முக்கியம். ஒன்று இதய நோய். சின்ன வயதில் வந்த வாதக் காய்ச்சல் வால்வைச் சுருக்கிவிட்டுப் போய், யாரும் கண்டுபிடிக்காமலே பிரசவத்துக்கு வரும் பெண்கள் இன்னும் இருக்கிறார்கள், மூச்சு வாங்குகிறது என்று அவள் சொல்வதை நிறைமாதம் அப்படித்தான் என்று ஒதுக்கிவிடக் கூடாது. இன்னொன்று மெக்னீசியம். ஃபிட்ஸ் வந்த கர்ப்பிணிக்கு மெக்னீசியம் சல்ஃபேட் கொடுக்காத பிரசவ வார்டு கிடையாது. முட்டியில் தட்டினால் கால் அசைகிறதா, சிறுநீர் போகிறதா, மூச்சு நிமிடத்துக்கு எத்தனை என்று ஒவ்வொரு டோஸுக்கு முன்னும் பார்க்கச் சொல்வது இதற்காகத்தான், அளவு மீறினால் முதலில் அனிச்சை போகும், அப்புறம் மூச்சு நிற்கும், கடைசியில் இதயம். மெக்னீசியம் போய்க்கொண்டிருந்தவளுக்கு இதயம் நின்றால் முதலில் அதை நிறுத்திவிட்டு, அதற்கு முறிவு மருந்தான கால்சியம் குளுக்கோனேட் 10 சதவீதம் 30 மில்லி ஏற்ற வேண்டும். நம்மூர் ஆம்பூல் 10 மில்லி, அப்படியானால் மூன்று வேண்டும். ட்ரேயில் ஒன்றுதான் வைக்கிறோம். வகுப்பு முடிந்து வந்ததும் எங்கள் வார்டில் உடனே மாறியது இது ஒன்றுதான், ட்ரேயில் இப்போது மூன்று ஆம்பூல் சேர்த்துக் கட்டி வைத்திருக்கிறோம். முதுகில் ஊசி போட்டோ எபிடூரல் கொடுத்தோ மரப்பு மருந்து ரத்தத்தில் கலந்துவிட்டால் 20 சதவீத லிப்பிட் (கொழுப்பு) திரவம் வேண்டும் என்பதும் சொன்னார்கள், அது எங்கே பூட்டி இருக்கிறது, சாவி யாரிடம் என்று போய்ப் பாருங்கள்.

எங்கள் குழுவில் 108 ஆம்புலன்ஸிலிருந்து இரண்டு தம்பிகள் சேர்ந்தார்கள். இந்த வகுப்பில் எனக்கு ரொம்பப் பிடித்தது அவர்கள் கேட்ட கேள்விகள். ஓடும் வண்டியில் ஒருவர் நெஞ்சை அழுத்த, இன்னொருவர் அம்பு பேக்கைப் பிடிக்க, கருப்பையை யார் ஒதுக்குவது? கூட வந்த பெண்ணுக்கு அங்கேயே காட்டிக்கொடுத்துப் பிடிக்கச் சொல்லலாம் என்று பயிற்சியாளர் சொன்னது நடைமுறையான பதில். வண்டியில் வயிற்றைத் திறக்க முடியாது, ஆகவே கிளம்பும்போதே போன் போட்டுச் சொல்ல வேண்டும், பெரிய மருத்துவமனைதான் வேண்டும் என்று பத்து நிமிடத்துக்கு மேல் கூடுதலாக ஓட்டக் கூடாது, அறுவை செய்ய ஆள் இருக்கும் இடமாக இருந்தால் போதும். போன் வந்ததும் வாசலுக்கே பிளேடோடு டாக்டர் இறங்கி வர வேண்டும் என்று எங்கள் மேடம் அவர்களிடம் சொன்னார், அவர்களும் குறித்துக்கொண்டார்கள். இந்தப் பேச்சு நடக்க வேறு எந்த இடமும் எங்களுக்கு இல்லை.

இனி குறைகள். மதியத்துக்கு மேல் குழு பிரித்தபோது எங்களை ஒன்றாக விட்டது நாங்கள் கேட்டு வாங்கியதால்தான். இல்லையென்றால் டாக்டர்கள் ஒரு பக்கம், நர்ஸுகள் ஒரு பக்கம், வெவ்வேறு ஊர்க்காரர்களைக் கலந்துதான் நிறுத்துகிறார்கள். அறிமுகம் இல்லாதவர்களோடு செய்யும்போது ஒருவரை ஒருவர் "மேடம், சார்" என்று மரியாதையாகப் பார்த்துக்கொண்டு நிற்பதிலேயே முதல் நிமிடம் போய்விடுகிறது. நேரம் பார்ப்பவர் யார், "மூணு நிமிஷம் ஆச்சு" என்று உரக்கச் சொல்லும் தைரியம் யாருக்கு இருக்கிறது என்பதெல்லாம் தினமும் சேர்ந்து வேலை செய்பவர்களுக்குள் முடிவாக வேண்டியவை. ஒரு ஸ்டாஃப் நர்ஸ் சீனியர் டாக்டரைப் பார்த்து "மேடம், நாலு நிமிஷம், பிளேடு இந்தாங்க" என்று சொல்ல வேண்டும். அதை அந்த மேடத்தோடுதான் பழக முடியும், வேறு யாரோடும் பழகிப் பயனில்லை.

வார்டு ஆயாம்மாக்களுக்கு இடமே இல்லை, இது எனக்குப் பெரிய வருத்தம். இரவில் கட்டிலை இழுப்பது, பலகையை எடுத்து வருவது, லிஃப்டைப் பிடித்து வைப்பது, ரத்த வங்கிக்கு ஓடுவது எல்லாம் அவர்கள்தான். பாதிக் கட்டணத்திலாவது சேர்க்க வேண்டும். கட்டணம் என்றால், நாலாயிரம் ரூபாய், டாக்டருக்கும் நர்ஸுக்கும் ஒரே தொகை. ஒப்பந்தச் சம்பளத்தில் இருக்கும் சிஸ்டர்கள் இதைப் பார்த்தே பின்வாங்கிவிடுகிறார்கள். ஸ்லைடு எல்லாம் ஆங்கிலத்தில், பேச்சு தமிழில், பரவாயில்லை, ஆனால் கையில் கொடுக்கும் சுருக்கத் தாளையாவது தமிழில் அடித்துக் கொடுத்தால் சுவரில் ஒட்டலாம்.

குழந்தையை மறந்துவிட்டார்கள் என்றும் சொல்ல வேண்டும். பொம்மைக் குழந்தை வெளியே வந்ததும் அதை வாங்கிக்கொள்ள ஒருவர், வார்மர், சின்ன மாஸ்க் எல்லாம் தயாராக இருக்க வேண்டும் என்று வாயால் சொன்னார்கள், செய்து காட்டவில்லை. இதயம் திரும்பிய பிறகு என்ன என்ற பகுதியும் அவசரமாக முடிந்தது, வெளியே நிற்கும் வீட்டுக்காரர்களிடம் யார் போய், எப்போது, என்ன சொல்வது என்பது கேள்வியாகக்கூட வரவில்லை. எங்களுக்கு அது சின்ன விஷயம் இல்லை. கதவுக்கு வெளியே அவள் அம்மா நிற்கிறார், உள்ளே இத்தனை பேர் ஓடுவதைப் பார்க்கிறார், ஒருவராவது போய் அவர் கையைப் பிடித்து நடப்பதைச் சொல்ல வேண்டும். அதற்கும் ஒரு பயிற்சி வேண்டும்.

சாப்பாடு நன்றாக இருந்தது, கழிவறை சுத்தம், பஸ் நிறுத்தத்திலிருந்து நடக்கும் தூரம்தான். சான்றிதழ் அன்றே தருகிறார்கள்.

பெயர் கொடுக்கும்போது ஒரே மருத்துவமனையிலிருந்து வருகிறோம், எங்களைப் பிரிக்காதீர்கள் என்று எழுதிக் கேளுங்கள், கேட்டால் விடுகிறார்கள். காலைப் பாடத்துக்கு முன்பே உங்கள் வார்டின் அமைப்பை, கட்டில் எந்தப் பக்கம், தியேட்டர் எத்தனை தூரம், டிஃபிப் (ஷாக் கொடுக்கும் கருவி) எங்கே நிற்கிறது என்று ஒரு தாளில் வரைந்து கொண்டுபோய்ப் பயிற்சியாளரிடம் கொடுங்கள். எங்களுக்கு அதை வைத்தே அறையை மாற்றிப் போட்டுக் கடைசிச் சுற்றை நடத்தினார். அந்தச் சுற்றுதான் நாலாயிரத்துக்கும் தகும்.